கொட்டகை வீட்டுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

ஜனவரியில் இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரைக்குப் போய், வெல்ஸ் ஊருக்கு அருகே நாம் முன்பு தங்கிய அதே கொட்டகை வீட்டில் சில வாரங்கள் இருக்கப் போவதாக நீ அம்மாவிடம் சொன்னாயாம். பெரிய பகுதி வேண்டாம், ஒற்றைப் படுக்கையறை உள்ள பகுதியே போதும் என்று பதிவு செய்திருப்பதையும் அம்மாதான் சொன்னாள். நல்ல இடம், போய் வா. ஏன் இப்போது என்று நான் கேட்கவில்லை.

நாம் போனது கோடையில் என்பதை மட்டும் மறந்துவிடாதே. எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகளை வைத்து, நடுவில் கோதுமையையும் பார்லியையும் அடித்துத் தூற்றும்போது பதர் பறக்கட்டும் என்று காற்றுக்காகவே கட்டப்பட்ட பழைய தானியக் கொட்டகை அது, பிறகுதான் வீடாக மாற்றினார்கள். சுவரில் இருக்கும் ஒடுங்கிய திறப்புகளும் தானியம் பூஞ்சை பிடிக்காமல் இருக்க விட்டவைதான். இன்று கதவிருந்த இடத்தில் உயரமான கண்ணாடியைப் பதித்துவிட்டார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரை அவ்வளவு உயரத்தில் இருந்தால் அனல் எல்லாம் மேலே போய்விடும், கீழே கால் விறைக்கும். ஆகையால் விறகு அடுப்பை நீ இரவிலும் எரிய விடுவாய் என்பதுதான் என் கவலை.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுப்பு இருக்கும் அறையில் அதற்கான அலாரம் இருக்கிறதா என்று போனவுடன் பார். பொத்தானை அழுத்தி அது ஒலிக்கிறதா என்றும் பார். ஈர விறகைப் போடாதே, காற்று வரும் துளைகளைத் துணி வைத்து அடைக்காதே. தலை வலித்தாலோ குமட்டினாலோ உடனே வெளியே வந்துவிடு. இருவர் இருக்கும் வீட்டில் ஒருவருக்குத் தலை சுற்றினால் மற்றவர் கதவைத் திறப்பார்.

அடுத்தது கடல். அந்த மணல்வெளி தட்டையானது. கடல் ஓதம் ஏறும்போது தண்ணீர் முன்னாலிருந்து மட்டும் வராது, ஓடைகள் வழியாக முதுகுப் பக்கம் புகுந்து திரும்பும் வழியை மூடிவிடும். வெல்ஸ் கடற்கரையில் அதற்காகவே சைரன் ஒலிக்கிறார்கள், அதைக் கேட்ட பிறகும் படம் எடுத்துக்கொண்டு நிற்காதே. ஓத நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும், எனவே நேற்றைய கணக்கை நம்பாமல் அன்றன்றைய அட்டவணையைப் பார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். சிக்கிக்கொண்டால் அவசர எண் 999 அழைத்து, கடலோர மீட்புப் பணியான கோஸ்ட்கார்ட் வேண்டும் என்று சொல். காலையில் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் கூட்டமாகப் பறப்பதை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம், அதற்காக விடியுமுன் சதுப்பு நிலத்தில் தனியே நடக்க வேண்டியதில்லை.

அங்கே ஒரு சந்தில் எதிரே டிராக்டர் வந்தபோது நீ பதறாமல் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டே போனதை இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் துணிச்சலில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு துணிச்சல்காரி அப்பாவுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். அம்மா மூலமாகத்தான் எனக்குத் தெரியவர வேண்டுமா?

அந்தக் கனத்த கல் சுவருக்குள் செல்பேசி சரியாக எடுக்காது. வீட்டு உரிமையாளரின் எண்ணை எனக்கு அனுப்பு, நாள்தோறும் இரவில் ஒரு செய்தி போடு. அலாரத்தைச் சோதித்தாயா என்பதையும் முதல் நாளே எழுது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சொல்ல முடியாத நிலை என்றால் விட்டுவிடு, நான் எதுவும் கேட்க மாட்டேன்.

என் விசா இன்னும் காலாவதியாகவில்லை. அந்தச் சின்னப் பகுதியில் சோஃபா ஒன்று இருக்கும் அல்லவா, எனக்கு அது போதும். வரட்டுமா, வேண்டாமா என்று மட்டும் இந்த வாரத்துக்குள் சொல், டிக்கெட் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா