டெக்னீசியம் காத்திருக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் தனிம அட்டவணை பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனிதன் உண்டாக்கிய தனிமங்களால் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பயனில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அதைக் கேட்டால் என் மாமியார் சிரிப்பார். போன ஆடியில் அப்படி ஒரு தனிமத்தைத்தான் அவர் கையில் ஊசி வழியாக ஏற்றினார்கள்.

அதன் பெயர் டெக்னீசியம், அட்டவணையில் 43ஆம் எண். 1937இல் இத்தாலியின் பலெர்மோவில் செக்ரே, பெரியர் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் பெர்க்லியில் அணுத்துகள்களைச் சுழற்றி வேகமாக மோதவிடும் சைக்ளோட்ரான் இயந்திரத்தில் அடிபட்ட, மாலிப்டினம் என்ற உலோகத்தின் தகடு ஒன்றில் அது கிடைத்தது. இயற்கையில் அறவே இல்லை என்பதும் முழுச் சரியில்லை. யுரேனியத் தாதுவில் துளித்துளி உண்டு.

மாமியாருக்கு எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். காலை 8 மணிக்கு வரச் சொல்லிச் சீட்டு. அன்றைக்கென்று மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றார். டர்பனில் ஆடி வெள்ளியை யார் மறுப்பது? போய்ச் சேர மணி இரண்டு. "உங்களுக்கு அளந்து வைத்தது பாதியாகிவிட்டது, காமிராவும் இனி காலியில்லை" என்று வேறு தேதி கொடுத்தார்கள். யாரோ எடுத்துவிட்டார்களா என்று மாமியார் கேட்டார்! ஸ்கேனுக்கு ஏற்றும் டெக்னீசியம்-99எம் என்ற கதிர்வீசும் வகை 6 மணி நேரத்தில் தானே பாதியாகிவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் நிற்காது. இந்த ஒரு விஷயத்தைச் சீட்டில் இரண்டு வரி எழுதியிருந்தால் நாங்கள் கூழை மறுநாள் குடித்திருப்போம்.

இரண்டாம் முறை ஏழரைக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். அங்கே வேலை பார்க்கும் பெண் ஈயத்தால் மூடிய ஒரு உருளையைக் காட்டி, "இதுதான் எங்கள் மாடு, தினமும் காலையில் கறப்போம்" என்றார். உள்ளே மாலிப்டினம்-99 என்ற கதிர்வீசும் மாலிப்டினம் இருக்கிறது; அது 66 மணி நேரத்தில் பாதியாகி டெக்னீசியமாக மாறிக்கொண்டே வரும். உப்பு நீரை விட்டால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வரும். ஒரு வாரம் போல் கறக்கலாம், அப்புறம் மாடு வற்றிவிடும்.

ஊசி போட்டு மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். பாஸ்பேட் சேர்மத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் டெக்னீசியம், எலும்பு வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்களில் அதிகமாகச் சேரும். அங்கிருந்து வரும் காமாக் கதிரைக் காமிரா வாங்கிப் படமாக்கும். எக்ஸ்ரே போல் வெளியிலிருந்து எதுவும் பாய்வதில்லை என்று சொன்னதும், "அப்படின்னா நானே காமாட்சி விளக்கா?" என்றார் மாமியார். முழங்காலில் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. தேய்மானம்தானாம், வேறொன்றுமில்லை.

இந்தத் தென்னாப்பிரிக்காவில் அந்த மாலிப்டினம் வருவதும் வெளியிலிருந்து இல்லை. பிரிட்டோரியாவுக்கு மேற்கே பெலிண்டாபாவில் 1965 முதல் ஓடும் சஃபாரி-1 அணு உலையில் அதைத் தயாரிக்கிறார்கள். உலகத்துக்கே இதைக் கொடுக்கும் ஒரு சில உலைகளில் அதுவும் ஒன்று. ரகசியமாக 6 அணுகுண்டு செய்து, பின்பு தானே பிரித்துப் போட்டு, 1993இல் அதை ஒப்புக்கொண்ட நாடு இது. அந்தக் கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். மாட்டுக்கு இரை போகும் கதையையும் உங்கள் கட்டுரையாளர் ஒருமுறை எழுதலாம்.

வீட்டுக்கு வந்ததும், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த பேத்தியை மாமியார் அன்று முழுக்கக் கிட்டே சேர்க்கவில்லை. மறுநாள் காலையில் மருந்து பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும் என்று நான் கணக்குச் சொன்ன பிறகுதான், "சரி, அவளை வரச் சொல்" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்