40 ரூபாய் சரக்கு, 55 ரூபாய் தபால்: அஞ்சல் துறைக்கு ஒரு திறந்த மடல்

அஞ்சல் துறையில் கட்டணம் நிர்ணயிக்கிற அதிகாரிகளுக்கு,

வணக்கம். பழைய தீப்பெட்டி லேபிள், பயன்படுத்திய ஸ்டாம்பு, படம் போட்ட தபால் அட்டை என்று காகிதச் சாமான்களை ஆன்லைனில் விற்கிற ஆள் நான். சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் அச்சான லேபிள்கள் பத்து சேர்ந்த ஒரு செட் 40 ரூபாய். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், இல்லையென்றால் ரிட்டயர் ஆனவர்கள். இந்தத் தொழிலில் யாரும் பங்களா கட்டியதில்லை, ஆனாலும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஓடியதற்கு முக்கியக் காரணம் உங்கள் ரெஜிஸ்டர் தபால்.

2025 செப்டம்பர் 1 அன்று அதை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்தீர்கள். அடுத்த மாதமே, அக்டோபர் 1 முதல், ஸ்பீடு போஸ்ட்டுக்குப் புதிய கட்டணம். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும், சேர்த்துப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

லேபிளை பட்டர் பேப்பரில் வைத்து, புதுச் சட்டைக்குள் வருகிற அட்டையை வெட்டி முன்னும் பின்னும் கொடுத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, கவருக்குள் போட்டால் மொத்தம் 40 கிராமுக்குள் அடங்கிவிடும். அதில் சரக்கு என்று பார்த்தால் இரண்டு மூன்று கிராம் இருக்கும், மற்றதெல்லாம் அட்டையும் டேப்பும்தான். இந்தக் கவருக்கு முன்பு தபால் செலவு 10 ரூபாய், பதிவுக் கட்டணம் 17 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி போட்டு 31 ரூபாய் 86 காசு. இப்போது ஊர் தாண்டினால் 47 ரூபாய், ஜிஎஸ்டியோடு 55 ரூபாய் 46 காசு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்த இடத்துக்கு வந்து நிற்கிறோம். வாங்குகிறவர் செட்டுக்கு 40, தபாலுக்கு 55 என்று பார்த்ததும், "அப்புறம் சொல்றேன் சார்" என்று போய்விடுகிறார். அவர்மேல் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

ஒரே ஊருக்குள் அனுப்பினால் 19 ரூபாய்தான், பழைய ரெஜிஸ்டரைவிடக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல விஷயம். ஆனால் தீப்பெட்டி லேபிள் சேர்க்கிறவர்கள் எல்லாரும் என் ஊரிலேயே குடியிருந்தால் நான் ஏன் ஆன்லைனில் விற்கிறேன், சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு ஒரு டீயும் குடித்துவிட்டு வந்திருப்பேனே. எடை கூடக்கூட வித்தியாசம் குறைகிறது என்பதும் உண்மை. 150 கிராம் கவருக்கு அப்போதே 67 ரூபாய் சொச்சம் ஆகியிருக்கும், இப்போது 200 கிலோமீட்டருக்குள் 69 ரூபாய் 62 காசு. அடி முழுக்க விழுவது எடையும் விலையும் குறைந்த பொருள்மேல்தான். அதுவும் என் சரக்கு காகிதம் என்பதால் டாக்குமெண்ட் கணக்கில் போகிறது, மண் கம்மலும் விதைப் பொட்டலமும் விற்கிறவர்களுக்கு பார்சல் கணக்கு, அது தனிக் கதை.

சரி, சாதாரணத் தபாலில் போட வேண்டியதுதானே என்பீர்கள். 20 கிராமுக்கு 5 ரூபாய், இன்னும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்பனைத் தளங்கள் ட்ராக்கிங் நம்பர் ஏற்றச் சொல்கின்றன. வாங்கியவர் "வரவில்லை" என்று ஒரு புகார் தட்டிவிட்டால், நம்பர் இல்லாத விற்பனையாளரின் பேச்சு எடுபடாது, பணம் திரும்பிப் போய்விடும். வாட்ஸ்அப்பில் நேராக விற்றாலும் பணம் போட்ட கையோடு அவர்கள் கேட்பது நம்பரைத்தான். முகம் தெரியாத ஆளுக்குப் பணம் அனுப்புகிறவர் அதைக் கேட்பது நியாயம்தானே. ஆக, நம்பர் எனக்கும் வேண்டும். தயவுசெய்து இந்த மடலை ட்ராக்கிங்குக்கு எதிரான புலம்பல் என்று ஃபைலில் எழுதிவிடாதீர்கள். எனக்கு வேண்டாதது வேகம். 1986-ல் ஸ்பீடு போஸ்ட் வந்ததே அவசரம் உள்ளவர்களுக்காக. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய லேபிள் பத்து நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மெதுவாகப் போகும், ஆனால் நம்பர் உண்டு என்று இருந்த ஒரே மலிவான வழி ரெஜிஸ்டர்தான். அதை எடுத்துவிட்டு, நம்பர் வேண்டுமா, வேகத்துக்கும் சேர்த்துக் காசு கொடு என்கிறீர்கள்.

இதற்கு வழியும் உங்கள் கட்டணப் பட்டியலிலேயே இருக்கிறது. ஸ்பீடு போஸ்ட்டுக்கு மேல் 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கொடுத்தால், முகவரியில் இருக்கிறவர் கையிலேயே கொடுக்கிற 'பதிவு' வசதி கிடைக்கிறது. ஓடிபி சொன்னால்தான் டெலிவரி என்பதற்கும் அதே 5 ரூபாய். வசதியைத் தனியாகப் பிரித்து விலை போட உங்களுக்குத் தெரிகிறது அல்லவா? அதையே சாதாரணத் தபாலுக்கும் செய்யுங்கள். 40 கிராம் கவருக்கு 10 ரூபாய் ஸ்டாம்பு, அதற்குமேல் பார்கோடுக்கு 10 ரூபாய். கவுண்டரில் வாங்கும்போது ஒரு ஸ்கேன், டெலிவரி ஆகிற தபால் நிலையத்துக்கு வந்ததும் ஒரு ஸ்கேன், அவ்வளவு போதும். தபால்காரர் வாசலில் நின்று கையெழுத்து வாங்க வேண்டாம், நஷ்ட ஈடும் வேண்டாம். நடுவில் தொலைந்தால் அந்த 40 ரூபாய் என் தலையில் விடியட்டும், அதைத் தாங்கிக்கொள்வேன். ஒவ்வொரு கவருக்கும் 55 கொடுப்பதைத்தான் தாங்க முடியாது.

நடக்காத கனவெல்லாம் இல்லை இது. அமெரிக்காவில் ஈபே தளம் 2021-ல், விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டைகள் மாதிரி மலிவான சாமான்களுக்காகவே ஒரு கவர் சேவையைக் கொண்டுவந்தது, பிறகு ஸ்டாம்பு, தபால் அட்டைக்கும் விரித்தது. 20 டாலருக்கு உட்பட்ட பொருள்தான், கவர் மெல்லிசாக இருக்க வேண்டும். சாதாரணக் கடிதமாகவே போகிறது, கடிதம் பிரிக்கிற எந்திரங்கள் பார்கோடைப் படிப்பதிலேயே கவர் எதுவரை வந்தது என்று தெரிந்துவிடும். மிக லேசான கவருக்குச் செலவு ஒரு டாலருக்கும் கீழே.

புத்தகக்காரர்கள் பட்ட பாட்டையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நூல்களுக்கென்று இருந்த மலிவான பதிவுத் தபால் 2024 டிசம்பரில் நின்றது. சிறு பதிப்பகங்கள் சத்தம் போட்டார்கள், 2025 மே 1 அன்று 'ஞான் போஸ்ட்' வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாக மெதுவாகப் போகும், நம்பரும் உண்டு. நான் கேட்பதும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் அது புத்தகத்துக்கு மட்டும். குறிப்பிட்ட இடைவெளியில் வருகிற இதழ்களுக்குக் கிடையாது, அதனால் பழைய சிற்றிதழ் விற்கிறவர் வெளியே நிற்கிறார். அச்சிட்டவர் அல்லது பதிப்பித்தவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டுமாம், அப்படியென்றால் கையால் தைத்த குட்டிப் புத்தகமும் சந்தேகம்தான். முந்நூறு கிராம் புத்தகத்தை 23 ரூபாய் 60 காசுக்கு நாட்டின் எந்த மூலைக்கும் நம்பரோடு கொண்டுபோக முடிகிறபோது, நாற்பது கிராம் கவரை ஏன் முடியாது?

வெளிநாட்டுக் கதையும் இதே திசையில்தான் போகிறது. 2026 ஜனவரி 1 முதல் சின்னப் பொருட்களை வெளிநாட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிற ரெஜிஸ்டர்டு ஸ்மால் பாக்கெட்டை நிறுத்திவிட்டு, பொருள் அனுப்புகிறவர்கள் ட்ராக்கிங் உள்ள சேவைக்கு மாறுங்கள் என்றீர்கள். பொருள் வருவதற்கு முன்பே அங்குள்ள சுங்கத்துறை விவரம் கேட்கிறது, அது உங்கள் கையில் இல்லை, அதனால் அங்கே நான் மல்லுக்கு நிற்கவில்லை. உள்நாட்டுக் கட்டணம் முழுக்க உங்கள் கையில்தானே இருக்கிறது.

புதிய கட்டணத்தில் மாணவர்களுக்கு 10 சதவீதமும், மொத்தமாகத் தபால் அனுப்பப் புதிதாகச் சேருகிற வாடிக்கையாளர்களுக்கு 5 சதவீதமும் தள்ளுபடி வைத்திருக்கிறீர்கள். வாரத்துக்கு நாலைந்து கவர் போடுகிற நாங்கள் இரண்டிலும் சேர மாட்டோம். எங்களுக்குத் தள்ளுபடியும் வேண்டாம். எடை 50 கிராம், தடிமன் இவ்வளவு, பொருளின் மதிப்பு 200 ரூபாய்க்குள் என்று நீங்களே வரம்பு போட்டு, மெதுவாகப் போகிற, நம்பர் உள்ள ஒரு கவர் சேவையை 25 ரூபாய்க்குள் கொடுங்கள். நாடு முழுக்க ஒரே நாளில் வேண்டாம், தமிழ்நாடு அஞ்சல் வட்டத்தில் மட்டும் ஒரு ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். கவர் சேரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு லேபிள் வியாபாரி