ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு உளவியல் சிகிச்சைப் பயிற்சி கோரி மனு

அனுப்புநர்:
ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் மற்றும் உளவியலாளர்கள்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை,
சென்னை – 600 006.

பொருள்: மனச்சோர்வுக்கான பேச்சுவழிச் சிகிச்சையில் மருத்துவர்களுக்கு மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி அளிக்க வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். தலைவலி, உடம்புவலி, தூக்கமில்லை என்று மாதக்கணக்கில் புறநோயாளிப் பிரிவுக்கு வருபவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது மனச்சோர்வு. கிடைப்பதோ சத்து ஊசியும் தூக்க மாத்திரையும். அப்படித் தரப்படும் அல்பிரசோலம் என்ற மாத்திரை சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும். திடீரென நிறுத்தினால் தூக்கம் இன்னும் கெடும். மறுபடி அதையே கேட்டு வருகிறார்கள்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் பயிற்சி பெரும்பாலும் நோயறிதலோடும் மாத்திரை அளவோடும் முடிந்துவிடுகிறது. பேச்சுவழிச் சிகிச்சையை வகுப்பில் உட்கார்ந்து கேட்டுக் கற்க முடியாது. அப்படிக் கேட்டுவிட்டுப் போகும் மருத்துவர், "கவலைப்படாதீங்கம்மா, மனசை வேற பக்கம் திருப்புங்க" என்று அறிவுரை சொல்வதோடு நின்றுவிடுகிறார். வாசல் தெளித்துக் கோலம் போடுவதையே விட்டுவிட்ட பெண்ணிடம், வாரத்தில் எந்த இரண்டு நாள் போட முடியும் என்று கேட்டு, நாளையும் நேரத்தையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து, போட்ட பிறகு மனசு எப்படி இருந்தது என்று அடுத்த முறை மறக்காமல் விசாரிப்பதுதான் சிகிச்சை. முடியவில்லை என்று வந்தால் வேலையை இன்னும் சிறிதாக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு இல்லாத ஆலோசகர்கள் இம்முறையை 6 முதல் 8 அமர்வுகளில் அளித்துப் பலன் கண்டதை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்களுக்குத் தொடர் மேற்பார்வை இருந்தது.

எனவே, அணிக்கு 12 பேருக்கு மிகாமல் 5 நாள் பயிற்சி வேண்டும். அதில் பாதி நேரமாவது ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் மருத்துவராகவும் நடித்துப் பழக வேண்டும். பிறகு 6 மாதம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நோயாளியின் சம்மதத்துடன் பதிவுசெய்த ஓர் அமர்வை உளவியலாளரோடு சேர்ந்து கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். செலவைக் குறைக்க இதை மட்டும் வெட்டிவிட வேண்டாம். வெட்டினால் அந்த 5 நாளும் வீண்.

மனச்சோர்வின் அளவை அறிய உதவும் 9 கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 படிவத்தை நிதானமாகக் கேட்கவும் பழக்க வேண்டும். வரிசை நீளும்போது தற்கொலை எண்ணம் பற்றிய 9-ஆவது கேள்வி விடுபட்டுவிடுகிறது. கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற அச்சம் தவறானது. தற்கொலைக்குத் திட்டமிட்டிருப்பவரை அன்றே, துணையோடு, மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வீட்டாருக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ எழுதிக் கொடுக்க வேண்டும்.

வாரம் 2 பிற்பகல்களை, ஒருவருக்கு 30 நிமிடம் என்ற கணக்கில், வேறு பணி இல்லாமல் ஒதுக்கி ஆணையிட வேண்டுகிறோம். கூலி வேலைக்குப் போகிறவர்களால் வாராவாரம் வர இயலாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் நாளில் ஓர் அமர்வும், இடையிலுள்ளவற்றைத் தொலைபேசியிலும் நடத்த அனுமதி வேண்டும்.

முதலில் ஒரு வட்டாரத்தில் தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ளோர்