ராச்செஸ்டரிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் பின்னால் ‘தும் தும்’ என்று கேட்கிறதே, அது என்ன என்று எழுதியிருந்தீர்கள். கீழ்வீட்டுப் பெரியவர் டபுள் பேஸ் சாதகம் செய்யும் ஒலி அது. வயலின் குடும்பத்திலேயே மிகப் பெரிய வாத்தியம், நின்றுகொண்டு வாசிப்பார்கள். ஜாஸ் என்ற அமெரிக்க இசையில் பெரும்பாலும் வில்லைத் தொடாமல், விரல் கூடும் போடாமல், வெறும் விரலாலேயே அந்தத் தடித்த தந்திகளை மீட்டுகிறார்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் ஓரம் காய்த்துப் போயிருக்கிறது.

மனிதர் விசித்திரமானவர். வாசலில் பனி முழங்காலளவு கிடந்தாலும், கோட்டும் டையும் அணிந்த பிறகுதான் வாத்தியத்தைத் தொடுவார். கேட்டால், ‘ரான் கார்ட்டர் அப்படித்தான்’ என்பார். 1937இல் மிச்சிகனில் பிறந்த கார்ட்டர், பெயர்பெற்ற ஜாஸ் பேஸ் கலைஞர்; பத்து வயதில் செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற வாத்தியம் கற்கத் தொடங்கியவர். டெட்ராய்ட்டில் படிக்கையில், வெளி நிகழ்ச்சிகளுக்குச் செல்லோ வாசிக்க, கறுப்பரான தம்மை விட்டு வெள்ளைக்கார மாணவர்களையே அழைப்பதைக் கண்டு பேஸுக்கு மாறினார். இதே ஊரின் ஈஸ்ட்மன் இசைக் கல்லூரியில் 1959இல் பட்டம் பெற்றார். அவர் வாசிப்பைக் கேட்ட இசைக்குழு நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி, தாம் நடத்திய ஹூஸ்டன் இசைக்குழுவில் கறுப்பரைச் சேர்க்கச் சம்மதிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டாராம். நஷ்டம் ஹூஸ்டனுக்குத்தான். கார்ட்டர் நியூயார்க் போய், 1963 முதல் 1968 வரை டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் வாசித்தார்; அவருடைய ஒலிப்பதிவுகள் 2,221 என்று கின்னஸ் பிற்பாடு கணக்கெடுத்தது.

பேஸ் வாசிப்பது, நாதஸ்வரத்துக்கு நம் ஒத்துக்காரர் செய்யும் வேலைதானே என்று கேட்பீர்கள். ஒத்து ஆதார சுருதியை விட்டு அசையாது. பேஸ்காரரோ அட்சரத்துக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டே இருக்கிறார். மேலே பியானோ எதை ஒலித்தாலும், அடியில் இவர் வைக்கும் சுரத்தைப் பொறுத்து அதன் குணமே மாறிவிடும். அதனால் கைதட்டல் வாங்குவதைவிட, சரியான சுரத்தைச் சரியான இடத்தில் வைத்து உடன் வாசிப்பவரைப் புதிய வழிக்குத் திருப்புவதையே கார்ட்டர் பெரிதாக நினைக்கிறார். நேற்று வாசித்த பாட்டுக்கே இன்று இன்னும் நல்ல சுர வரிசை அகப்படுமா என்று தேடுவாராம்.

மாசி மகத்தன்று இரவு கீழே பெரியவர் வாசிக்க, என் விரல்கள் தாமாக மேசையில் தட்டத் தொடங்கின. அவர் ஒரு கணம் நிறுத்தி, என் தட்டலுக்கு ஏற்ப நடையை மாற்றினார். சுவாமி புறப்பாட்டில் மல்லாரிக்கு நீங்கள் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்துவிட்டது. பிறகு தூக்கம் வரவில்லை, அப்பா. மறுநாள் அவருக்கு மிளகு ரசம் கொடுத்தேன். காப்பிக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்றார்.

காரை விற்றுவிட்டேன், நடப்பது உடம்புக்கு நல்லது. வேலை நேரமும் குறைந்திருப்பதால் ஓய்வு நிறைய இருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

திலகா நிச்சயத்துக்காகத் தெற்கு வயலை அடகு வைக்க வேண்டாம். மண்டபத்துக்கு முன்பணம் மட்டும் கொடுங்கள். மீதியைச் சித்திரைக்குள் அனுப்புகிறேன். பட்டுப்புடவை விஷயத்தை அத்தை பார்த்துக்கொள்ளட்டும், அம்மா தலையிட்டால் சண்டைதான் வரும். கல்யாணத்தன்று நீங்கள் தவிலைத் தொடக் கூடாது. பெண்ணின் தகப்பனார் மணவறையில் இருக்க வேண்டும். கணேசன் அண்ணனிடம் இப்போதே தேதி சொல்லிவையுங்கள், வைகாசியில் அவர் கிடைப்பது அரிது.

அன்புடன்,
செல்வம்