“கேஸ் மட்டும் அடித்துக் கொடுங்கள்” என்று கேட்பவர்களுக்கு

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கத்திரி வெயில் தொடங்கினாலே பட்டறையில் கேட்கும் முதல் பேச்சு, “ஏசியில் கூலிங் இல்லை, கேஸ் மட்டும் அடித்துவிடுங்கள், அரை மணியில் கிளம்பணும்” என்பதுதான். அப்படி அடித்துத் தர மாட்டோம் என்று சொல்லும்போது சிலருக்கு வருத்தம், சிலருக்குக் கோபம். வண்டி வரிசையில் நிற்கும்போது காரணத்தைப் பொறுமையாகச் சொல்ல முடிவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறோம்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீருகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடத்துக்குக் கொஞ்சம் கசிவது இயல்பு, அதைத் தாண்டி நல்ல நிலையில் உள்ள வண்டியில் பல வருடம் கேஸைத் தொடவே வேண்டாம். போன கோடையில் அடித்த கேஸ் இந்தக் கோடையில் இல்லை என்றால் எங்கோ லீக் இருக்கிறது, அவ்வளவுதான். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் ரோட்டுக் கல் தெறித்து அடித்திருக்கலாம். இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் (ஓ-ரிங்) காய்ந்து போயிருக்கலாம், கேஸ் ஏற்றும் வாயில் உள்ள சின்ன வால்வு ஊசி கசியலாம், இவை சீக்கிரம் முடிகிற வேலைகள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் ஈரத்திலும் தூசியிலும் அரித்துப் போயிருந்தால் மட்டும் பல கார்களில் டேஷ்போர்டையே இறக்க வேண்டிவரும், செலவும் கூடும். அதை முன்கூட்டியே சொல்லி, உங்கள் சம்மதம் வாங்கிய பிறகுதான் கை வைப்போம்.

லீக்கை விட்டுவிட்டு கேஸை மட்டும் அடித்தால் அந்தப் பணம் போவதோடு நிற்காது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு கலந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் குறையக் குறைய ஆயில் திரும்பி வருவதும் குறையும், கம்ப்ரசர் உள்ளே காய்ந்து உரசும். ஒருநாள் இறுகிப் பிடித்துக்கொண்டால் கேஸ் அடித்த செலவைப்போல் பல மடங்கு அதற்கு ஆகிவிடும்.

சரி, நாங்கள் என்ன செய்கிறோம்? மிச்சமிருக்கும் கேஸை மெஷினால் உறிஞ்சி எடுத்து எடை பார்க்கிறோம், எவ்வளவு கசிந்திருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்து லீக்கைத் தேடுகிறோம். அதைச் சரிசெய்த பிறகு வேக்யூம் பம்பைக் குறைந்தது அரை மணி நேரம் ஓடவிடுகிறோம். காற்றை இழுப்பதற்கு மட்டுமில்லை இது. அந்த வெற்றிடத்தில் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். ஈரம் தங்கினால், கேஸ் குறுகிய துளை வழியாகப் போய்க் குளிரும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக உறைந்து அடைக்கும், நாளடைவில் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பம்பை நிறுத்திய பிறகு கேஜ் முள் அசையாமல் நின்றால்தான் கேஸ் ஏற்றுவோம்.

அதையும் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்ட கிராம் கணக்குப்படி தராசில் வைத்துத்தான் ஏற்றுகிறோம். சின்ன கார்களில் பெரும்பாலும் அரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பிரஷரைப் பார்த்தே அளவு சொல்லிவிடலாம் என்பது தவறு. வண்டி அணைந்திருக்கும்போது, 30 டிகிரி வெப்பத்தில், பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்134ஏ என்ற கேஸ் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே துளி திரவம் மிச்சமிருக்கிற வரைக்கும், பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் அதே எண்தான். அளவுக்கு மேல் போனாலும் கூலிங் குறையும், கம்ப்ரசருக்குச் சுமை கூடும்.

மலிவான சிலிண்டர் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆர்134ஏ என்று பெயர் போட்டு எரிவாயு கலந்தும், மெத்தில் குளோரைடு கலந்தும் போலிகள் வருகின்றன. முதலாவது தீப்பிடிக்கும், இரண்டாவது அலுமினியத்தோடு வினைபுரிந்து பெரிய ஆபத்தில் கொண்டுவிடும். விலை குறைவு என்பதற்காக அதை உங்கள் குடும்பம் உட்காரும் வண்டியில் ஏற்ற எங்களுக்கு மனசு வராது. அசல் கேஸையும் காற்றில் திறந்துவிட மாட்டோம். ஒரு கிலோ ஆர்134ஏ, நூறு வருடக் கணக்கில், 1,430 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். வெயிலைச் சபித்துக்கொண்டே அதைச் செய்வது நியாயமில்லை.

கூலிங் இல்லாததற்கெல்லாம் கேஸே காரணம் என்றும் இல்லை. நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்றால் முதலில் கண்டென்சர் ஃபேனைப் பார்க்க வேண்டும். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சுத்தம் செய்தாலே போதும்.

இதற்கெல்லாம் அரை நாளாவது பிடிக்கும், காலையில் வண்டியை விட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு வேறு எங்காவது கேஸ் அடித்திருந்தால் அந்த பில்லைக் கொண்டுவாருங்கள். லீக் அடைக்கும் திரவம் ஏதாவது ஊற்றியிருந்தால் அவசியம் முன்பே சொல்லிவிடுங்கள், அது எங்கள் மெஷினுக்குள் போய் உறைந்தால் உங்களுக்கு அடுத்து நிற்கிற வண்டிகளும் காத்திருக்க வேண்டிவரும்.

அன்புடன்,
உங்கள் கார் ஏசி பட்டறை