ஆசிரியர்களின் தொழில்நுட்பத் திறனை எப்படி மதிப்பிடுகிறோம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் நம் ஆசிரியர்களின் தொழில்நுட்பத் திறனை மதிப்பிடுகிறோம். ஸ்மார்ட் போர்டை யார் சரளமாக இயக்குகிறார் என்று பார்க்கும் போட்டி அல்ல இது. யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட ஆசிரியர் திறன் சட்டகத்தில் 6 கூறுகளும் 18 திறன்களும் உள்ளன. அந்த ஆறில் கருவியைக் கையாளும் திறன் ஒரு கூறு மட்டுமே. பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, வகுப்பு நிர்வாகம் போன்றவை மற்றக் கூறுகள். நாங்களும் அப்படித்தான் பார்க்கிறோம்.

முதலில் ஆசிரியர்கள் ஒரு சுயமதிப்பீட்டுப் படிவம் நிரப்புவார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. குறைவாகத் தெரிந்தவர் தன்னைக் கூட்டிப் போட்டுக்கொள்வதும், நன்றாகத் தெரிந்தவர் குறைத்துப் போட்டுக்கொள்வதும் உண்டு. பயிற்சியை எங்கே தொடங்குவது என்று அறிய மட்டும் அது உதவும்.

அடுத்தது 40 நிமிடச் செய்முறை. தம் பாடத்தில் 5 கேள்விகள் கொண்ட இணையவழித் தேர்வை ஆசிரியர் தயாரிக்க வேண்டும். பிறகு, அப்படி ஒரு தேர்வில் பிள்ளைகள் எழுதிய விடைகளின் மாதிரிப் பட்டியலைக் கொடுப்போம். அதிகம் பேர் தவறவிட்ட கேள்வி எது, கேள்வியே குழப்பமாக இருந்ததா அல்லது பாடம் புரியவில்லையா, மறுபடி யாருக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். தேர்வு தயாரிப்பதைவிட முடிவைப் படிப்பது கடினம்.

மூன்றாவது வகுப்பறைப் பார்வை, இரண்டு முறை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் ஒத்திகை பார்த்த பாடம்தான் கிடைக்கும். அதனால் ஒன்றைச் சொல்லாமல் பார்ப்போம். கருவி யார் கையில் இருக்கிறது, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று 5 நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்போம். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்று திரையில் காட்டுவது ஒரு நிலை. பிள்ளையே முனையை இழுத்துப் பார்த்து, வடிவம் மாறியும் கூட்டுத்தொகை மாறாததைக் கண்டுபிடிப்பது அதற்கு மேல்நிலை. பளபளப்பான ஸ்லைடுகளில் பார்வையாளர் மயங்கிவிடும் அபாயம் இருக்கிறது. ஆகவே இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, பிறகு ஒப்பிடுவார்கள்.

இணையம் நின்றால் உடனே மாற்று வழிக்குப் போகிறாரா என்பதும் கணக்கில் வரும். ஆனால் பள்ளியின் கருவி பழுதானால் அது ஆசிரியரின் குறை அல்ல. தனியே பதிவு செய்து நாங்கள் சரிசெய்வோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைக் குழுவில் போடுவது, இணைப்பு உள்ள எவரும் திருத்தும்படி கோப்பைப் பகிர்வது போன்ற பிழை இருந்தால், மற்றவற்றில் எவ்வளவு எடுத்திருந்தாலும் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம்.

தனிநபர் முடிவுகளை வெளியிட மாட்டோம், தரவரிசையும் இல்லை. உங்களிடம் கேட்பது, பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் சிறு படிவத்தை நிரப்பித் தருவது மட்டுமே. வீட்டுப்பாடம் உங்கள் போனில் திறக்கிறதா, பிள்ளை தானே செய்ய முடிகிறதா, வீட்டில் ஒரே போனை எத்தனை பேர் பகிர்கிறீர்கள் என்று அதில் எழுதுங்கள். ஆசிரியர் பெயர் வேண்டாம். மாத இறுதிக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்