சொல்லிவிட்டுக் கெடும் வண்டி

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மீனா,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய மூன்று கார் படங்களும் வந்தன. "எந்த கம்பெனி கார்மா பத்து வருஷம் தாங்கும், ஒரே வரியில சொல்லு" என்று கேட்டிருந்தாய். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: அம்பாசடர். அதைச் செய்வதையே 2014-ல் நிறுத்திவிட்டார்களே என்றேன். "அப்பம் என்கிட்ட ஏன் கேக்கா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அதனால் இதை நான் எழுதுகிறேன். ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும்.

பரணில் இருந்து நம் பழைய டிராவல்ஸ் நோட்டுகளை இறக்கினேன். ஒரே தும்மல். வண்டிக்கு ஒரு நோட்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். அட்டையில் நம்பரை எழுதுவது உன் வேலை. தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, எத்தனை ரூபாய் என்று நாலு கட்டம் போட்டிருப்பேன். கடைசியில் ஐந்தாவதாக ஒரு கட்டம், 'நின்ற நாள்'. அதைப் பார்த்து அப்பா அப்போது சிரித்தார். ரூபாய்க் கணக்கு ஏமாற்றிவிடும், மீனா. டயரும் ஆயிலும் கிளட்ச் பிளேட்டும் எந்த வண்டிக்கும் தேய்கிற சாமான். செலவு வந்ததாலேயே ஒரு வண்டியைக் கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஷெட்டில் போய் நின்றுவிட்டால் டிரிப் போச்சு, வாடிக்கை போச்சு. பைனான்ஸ்காரன் டியூ மட்டும் நிற்காது.

குவாலிஸ் நோட்டில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலி. இன்னோவாவும் அப்படித்தான். ஊரே அந்த இரண்டையும் கொண்டாடியதற்குக் காரணம் கெடாதது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். கெடும் முன் சொல்லும். கிளட்ச் போகப் போகிறது என்றால் ஒரு மாதம் முன்னாலேயே மிதி மேலே ஏறிவிடும். பேரிங் என்றால் ஊளையிடும். அப்பா டிரிப் முடிந்து வந்ததும், "இவனுக்கு இடது முன்பக்கம் ஏதோ இருக்கு" என்பார். சவாரி இல்லாத செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து ஷெட்டில் விடுவோம். சாயங்காலம் வந்துவிடும். சாமான் வண்ணார்பேட்டையில் கிடைக்கும், இல்லாவிட்டால் ராத்திரி பஸ்ஸில் மதுரையில் இருந்து வந்துவிடும்.

2012-ல் வாங்கினோமே அந்த சாம்பல் நிற டீசல் செடான், அதன் நோட்டையும் பார்த்தேன். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதல் இரண்டு வருடம் தங்கம். மூன்றாம் வருடம் ஒரு ராத்திரி, மதுரை ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு போகும்போது, கயத்தாறு தாண்டி எஞ்சின் லைட் எரிந்து, பிக்கப் செத்துப்போய், மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்தது. முன்னால் ஒரு சத்தம் இல்லை, புகை இல்லை. வேறு வண்டி பிடித்து அனுப்பினோம். ஒரு சின்ன சென்சார், அதற்குப் போகிற வயர் கூடு. சாமான் புனேயில் இருந்து வர வேண்டும் என்றார்கள். நின்ற நாள் 23 என்று எழுதியிருக்கிறேன், பேனா அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்திருக்கிறது. சாமானின் விலை ஒரு நல்ல டயர் விலை கூட இல்லை.

பெயரை ஏன் எழுதவில்லை என்றால், அதே கம்பெனியின் வேறொரு வண்டியை உன் சித்தப்பா மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார், ஒரு நாள் வழியில் நின்றதில்லை. அவரிடம் கேட்டால் அந்த கம்பெனிதான் உலகத்திலேயே உசத்தி என்பார். என்னிடம் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். இரண்டு பேரும் ஒரே பெயரைத்தான் பேசியிருப்போம், இரண்டு வேறு எஞ்சினைப் பற்றி.

கம்பெனிப் பெயரை வைத்துப் பேசுகிறவர்களிடம் நான் அந்த 1,248 சிசி டீசல் எஞ்சினைத்தான் எடுத்துப் போடுவேன். இத்தாலிக்கார ஃபியட்டின் மல்டிஜெட். அதே எஞ்சின்தான் ஸ்விஃப்ட் டீசலில், டிசையரில், டாடா இண்டிகா விஸ்டாவில், ஃபியட் புன்டோவில், லீனியாவில் ஓடியது. 2020-ல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி அதை நிறுத்தியது. ஸ்விஃப்ட் வைத்திருந்தவன் "மாருதி எஞ்சின் மாதிரி வருமா" என்பான், புன்டோவைப் பார்த்தால் "ஃபியட்டா, ஐயோ" என்பான். பானட்டைத் திறந்தால் இரண்டிலும் ஒரே உயிர். வித்தியாசம் வெளியேதான். புன்டோவுக்கு எஞ்சின் சாமான் சுலபமாகக் கிடைக்கும், ஸ்விஃப்ட்காரர்கள் புண்ணியத்தில். முன் விளக்கு உடைந்தால்தான் அலைச்சல். ஃபியட் கார்கள் இங்கே வருவதே நின்றுவிட்டதே. செவ்ரோலே 2017 கடைசியோடு விற்பனையை மூடியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் செய்வதை நிறுத்துவதாகச் சொன்னது, மறைமலை நகர் தொழிற்சாலை உட்பட. பத்து வருடம் தாங்குமா என்று காரைப் பற்றிக் கேட்கிறாய். கம்பெனி பத்து வருடம் இந்த ஊரில் தாங்குமா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளை "பலேனோ எதுக்கு, அதையே டொயோட்டாவா வாங்கினா உறுதியா இருக்குமே" என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அவரிடம் பக்குவமாகச் சொல். டொயோட்டாவின் கிளான்சா என்பதே மாருதியின் பலேனோதான். சுசுகி செய்து கொடுக்க, 2019-ல் இருந்து டொயோட்டா தன் முத்திரையை ஒட்டி விற்கிறது. முதலில் வந்தபோது மாருதி 2 வருடம், 40,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுத்தது. டொயோட்டா 3 வருடம், 1 லட்சம் கிலோமீட்டர் என்றது. அந்தக் கூடுதல் வாரண்டிக்கு மதிப்பு உண்டு. இரும்பு ஒரே இரும்பு.

எந்த கம்பெனி கார் குறைவாகக் கெடுகிறது என்று போடும் அமெரிக்கப் பட்டியலையும் மெனக்கெட்டு வாசித்தேன். ஜே.டி. பவர் என்ற கருத்துக்கணிப்பு கம்பெனி, மூன்று வயது வண்டிகள், நூறு வண்டிக்கு எத்தனை புகார் என்று எண்ணுகிறார்கள். எண்ணுவது தப்பில்லை. ஆனால் ஃபோனோடு ப்ளூடூத் சேரவில்லை என்பதும் ஒரு புகார், கியர்பாக்ஸ் போய்விட்டது என்பதும் ஒரு புகார். மூன்று வயதில் வண்டி இன்னும் குழந்தை. ஜெர்மனியில் வண்டிகளைச் சோதிக்கும் டியூவ் அமைப்பின் பட்டியல் நம் எஃப்.சி. மாதிரி, முதலில் மூன்றாம் வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனை. வயசு வாரியாகப் பிரித்துப் போடுகிறார்கள், அது எனக்குப் பிடித்தது. ஆனால் அங்கேயும் சோதனைக்குப் போகும் முன் நன்றாகச் செலவழித்துச் சரிபண்ணிக் கொண்டுபோகிறவன் வண்டி நல்ல வண்டியாகிவிடும். ஆபீஸுக்காக ஓயாமல் ஓடும் வண்டி பின்னால் போய்விடும். இன்னோவா கதையிலும் இதுதான் பாதி. மறுவிலை உண்டு என்று தெரிந்ததால் அதை வைத்திருந்தவன் எல்லாம் ஆயிலை நாள் தவறாமல் மாற்றினான். மாற்றியதால் நீடித்தது. நீடித்ததால் விலை நின்றது. எது முதல் என்று அப்பாவிடம் கேட்டால் கோபம் வரும்.

சில தப்பு கம்பெனியுடையதாகவும் இருக்காது. தகாத்தா என்று ஒரு ஜப்பான் கம்பெனி, ஏர்பேக் செய்து பல கார் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வருடக்கணக்கான வெக்கையிலும் ஈரத்திலும் கெட்டு, வெடிக்கும்போது இரும்புத் துண்டைச் சிதறடித்தது. உயிரே போனது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளைத் திரும்ப அழைத்தார்கள். 2017-ல் அந்த கம்பெனி திவாலானது. எந்தப் பழைய வண்டியாக இருந்தாலும் கம்பெனி இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டு, ரீகால் வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பார். காசு கேட்க மாட்டார்கள்.

இனி உன் மூன்று வண்டி.

மாப்பிள்ளைக்குப் பிடித்த அந்தப் பெரிய டீசல், 2021 மாடல், வேண்டாம். வண்டி நல்ல வண்டிதான், ஆனால் உன் ஓட்டத்துக்குப் பொருந்தாது. பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்க டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் சேர்ந்தாற்போல் ஓடினால்தான் சூடேறி அந்தக் கரி எரியும். நீ வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஆறு கிலோமீட்டர், அதுவும் பெங்களூரு டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம். கரி சேர்ந்துகொண்டேதான் போகும். திருநெல்வேலிக்கு மாதம் இருமுறை வருவேன் என்று எழுதிக்கொடுத்தால் யோசிக்கலாம்.

இரண்டாவது, டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், அதாவது இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்து தானே கியர் மாற்றும் வண்டி. ஓட்ட வெண்ணெய் மாதிரி இருக்கும், நானும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த வகையில் ஆயிலில் முங்காத உலர் கிளட்ச் என்றால், அடிக்கு ஒருமுறை நின்று நகரும்போது சூடாகித் தேய்கிறது. 2013-ல் ஃபோக்ஸ்வாகன் சீனாவில் மட்டும் சுமார் 3.84 லட்சம் வண்டிகளை டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. அதற்கப்புறம் திருத்தங்கள் வந்தன. இருந்தாலும் எட்டு வயதான ஒன்றை, வாரண்டி முடிந்த பிறகு, வேறு ஒருவர் எப்படி ஓட்டினார் என்று தெரியாமல் வாங்க எனக்கு மனசு வரவில்லை. அது சொல்லாமல் கெடும் ரகம்.

மூன்றாவது, அந்த வெள்ளை பலேனோ, 2018 பெட்ரோல், மேனுவல் கியர். அழகு கம்மி, கதவை அடைத்தால் டப்பா சத்தம். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. மூலைக்கு மூலை சாமான் கிடைக்கும், எந்த ஷெட்டிலும் கை வைப்பான். குறையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை மனதில் வைத்துச் செய்த வண்டி இல்லை அது. மைலேஜ் கொஞ்சம் விழும், ரப்பர் ஹோஸ்களை சர்வீஸுக்கு சர்வீஸ் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆர்.சி. 2033 வரைதான், அதன் பிறகு காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

வாங்கும் முன் சர்வீஸ் பில் எல்லாவற்றையும் வாங்கிப் பார். கிலோமீட்டர் எங்கேயாவது பின்னால் போகிறதா என்று பார். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழு, அடிவரைக்கும். 2015-ல் சென்னையில் முங்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து எங்கெங்கோ விற்றார்கள். 2023 டிசம்பரில் நம் ஊரில் தாமிரபரணி ஏறியபோதும் எத்தனை கார் நின்றது என்று நீ வீடியோவில் பார்த்தாயே. மேலே எல்லாம் சென்ட் வாசனை வரும். பெல்ட்டின் கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருக்கும். ஸ்டெப்னிக் குழியிலும் பாய்க்கு அடியிலும் கை விட்டுப் பார்.

முக்கியமாக, காலையில் போ, அதுவும் சொல்லாமல் போ. பானட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். "டீ குடிச்சிட்டு அப்புறம் வாறேன்" என்று கிளம்பிவிடு. ஜில்லென்று இருந்தால் எனக்கு ஃபோன் போடு. ஸ்டார்ட் பண்ணச் சொல்லி செல்லை எஞ்சின் பக்கத்தில் பிடி, ஒரு நிமிஷம் பேசாதே. அப்பா கேட்க வேண்டுமாம். இவ்வளவு நேரம் தூங்குகிற மாதிரி படுத்திருந்தவர் இப்போதுதான் எழுந்து வந்து சொல்கிறார், "ஏசியை அணைச்சிட்டுப் புடிக்கச் சொல்லு".

அம்மா